தாய்வீடு வந்த மீன்

உலகத்திலேயே மிகப் பெரிய உயிர் எது?

நீலத் திமிங்கிலம். யானையைவிடப் பல மடங்கு பெரியது. கடலில் வாழ்கிறது. ஆனால் மீன் இல்லை. மாட்டைப் போலக் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. அதற்கு நுரையீரல் உண்டு. மூச்சு விடுவதற்காக அது தண்ணீருக்கு மேலே வந்து போகும்.

சரி, உலகத்திலேயே மிகப் பெரிய மீன் எது?

அதன் பெயர் திமிங்கிலச் சுறா. பெயரில் திமிங்கிலம் இருக்கிறது. உடம்பும் திமிங்கிலம் போலப் பெரியது. என்றாலும் இது மீன்தான். சுறா இனத்தைச் சேர்ந்தது. மற்ற மீன்களைப் போலச் செவுளால் மூச்சு விடுகிறது.

இந்த மீன் நம் நாட்டுக் கடலுக்கும் வருகிறது. குஜராத் கரைக்கு அதிகமாக வருகிறது. ஒரு காலத்தில் அங்கே அதைக் கொன்று குவித்தார்கள். இன்று அதே கரையின் மீனவர்கள் தங்கள் வலையை அறுத்து அதை விடுவிக்கிறார்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பயப்பட வேண்டாத சுறா

சுறா என்றாலே நமக்குப் பயம். திமிங்கிலச் சுறாவைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

நன்கு வளர்ந்த திமிங்கிலச் சுறா 40 அடி நீளம் இருக்கும். ஏறக்குறைய ஒரு பஸ்ஸின் நீளம். அதற்கு மேலும் வளர்வது உண்டு. எடை 10 டன்னைத் தாண்டும். இரண்டு மூன்று யானைகளைச் சேர்த்து நிறுத்தால் வரும் எடை.

வாய் மிக அகலமானது. நாலு அடிக்குத் திறக்கும். வாய்க்குள் ஆயிரக்கணக்கான பற்கள் உள்ளன. ஆனால் அவை மிகச் சிறியவை. கடிக்க உதவாது. தொண்டையும் குறுகலானது. அதனால் மனிதனை விழுங்க முடியாது.

பிறகு அது என்னதான் சாப்பிடுகிறது?

கடல் நீரில் கோடிக்கணக்கான நுண்ணிய உயிர்கள் மிதக்கின்றன. பல உயிர்கள் கண்ணுக்கே தெரியாது. சின்னஞ்சிறு இறால் குஞ்சு, மீன் முட்டை, பொடி மீன் எல்லாம் அவற்றோடு இருக்கும். திமிங்கிலச் சுறா வாயைத் திறந்தபடி மெல்ல நீந்துகிறது. தண்ணீர் வாய் வழியே உள்ளே போய்ச் செவுள் வழியே வெளியே வருகிறது. செவுளில் சல்லடை போன்ற அமைப்பு இருக்கிறது. இரை அதில் தங்கிவிடுகிறது. மாவு சலிப்பது போலத்தான்.

இதன் முதுகு கருநீலமும் சாம்பலும் கலந்த நிறம். அதன் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கோலம் போட வைத்த புள்ளிகள் போல இருக்கும். ஒரு மீனின் புள்ளிகள் இன்னொரு மீனுக்கு இருக்காது. நம் கைரேகை எப்படி ஆளுக்கு ஆள் வேறோ, அப்படி. விஞ்ஞானிகள் புகைப்படம் எடுத்து, புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். போன வருடம் வந்த மீன்தானா, புதிய மீனா என்று கண்டுபிடிக்கிறார்கள். வானத்து நட்சத்திரங்களை அடையாளம் காண்பதற்காக உருவாக்கிய கணக்கு முறையைத்தான் இதற்கும் பயன்படுத்துகிறார்கள்.

இரை தேடும்போது இது பெரும்பாலும் தண்ணீரின் மேல்மட்டத்தில் நீந்தும். வேகம் கிடையாது. படகு பக்கத்தில் வந்தாலும் சண்டைக்கு வராது. இந்தச் சாதுவான குணமே அதற்கு எமனாக முடிந்தது.

குஜராத் கரையில் நடந்தது

குஜராத்தின் மேற்குப் பகுதிக்குச் சௌராஷ்டிரம் என்று பெயர். அதன் மூன்று பக்கமும் கடல். வேராவல், மாங்க்ரோல், போர்பந்தர், சூத்ராபாடா ஆகியவை அங்குள்ள மீன்பிடி ஊர்கள். வேராவல் நம் நாட்டின் மிகப் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. புகழ்பெற்ற சோமநாதர் கோயில் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கார்வா, கோலி முதலிய சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாக அங்கே மீன் பிடிக்கிறார்கள்.

பனிக்காலத்திலும் கோடையிலும் இந்தக் கடலில் இரை மிகுதி. திமிங்கிலச் சுறாக்கள் அப்போது கரையை ஒட்டி வரும்.

மீனவர்கள் இதை முன்பும் பிடித்தார்கள். அப்போது தேவைப்பட்டது ஈரல் மட்டும்தான். ஈரலைக் காய்ச்சி எண்ணெய் எடுப்பார்கள். மரப் படகின் மேல் பூசுவார்கள். படகுக்குள் தண்ணீர் ஊறாது. மரம் சீக்கிரம் கெடாது. எண்ணெய்க்காகப் பிடித்தவை குறைவு.

1990களில் நிலைமை மாறியது. வெளிநாட்டு வியாபாரம் வந்தது. தைவான் போன்ற இடங்களில் இந்த மீனின் வெள்ளை இறைச்சிக்கு நல்ல கிராக்கி. துடுப்புக்கும் விலை உண்டு. ஒரு மீன் கிடைத்தால் பல நாள் உழைப்புக்கான பணம் ஒரே நாளில் வந்தது. அதற்காகவே படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கின.

பிடிக்கும் முறை கொடுமையானது. மெல்ல நீந்தும் மீனின் அருகே படகைக் கொண்டுபோவார்கள். பெரிய இரும்புக் கொக்கியை அதன் உடம்பில் பாய்ச்சுவார்கள். கொக்கியில் கயிறு. கயிற்றில் காலி பீப்பாய்கள். மீன் ஆழத்துக்குப் போகப் பார்க்கும். பீப்பாய்கள் அதை மேலே இழுக்கும். மணிக்கணக்கில் இழுத்து இழுத்து மீன் களைத்துப் போகும். அவ்வளவு பெரிய மீனைப் படகில் ஏற்ற முடியாது. அதனால் வாலில் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வருவார்கள். பல மீன்கள் கரைக்கு வரும்போதும் உயிரோடு இருந்தன.

இந்தப் பீப்பாயால்தான் மீனுக்கே பேர் வந்தது. ஆங்கிலத்தில் பீப்பாய்க்கு 'பேரல்'. அந்த ஊர்க்காரர்கள் மீனையும் 'பேரல்' என்றே அழைத்தார்கள்.

ஒவ்வொரு பருவத்திலும் நூற்றுக்கணக்கான திமிங்கிலச் சுறாக்கள் இப்படி மடிந்தன. மீனவர்கள் மேல் மட்டும் பழி போட முடியாது. இது அழிந்துவரும் உயிர் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பிடிக்கக் கூடாது என்று அப்போது சட்டமும் இல்லை. வாங்க ஆள் இருந்தான். விற்றார்கள்.

முதலுக்கே மோசம்

கடலில் மீன் பிடிக்காமல் இருக்க முடியுமா? கோடிக்கணக்கான மக்களுக்கு மீன்தான் உணவு. மீன்தான் பிழைப்பு. பிறகு இந்த மீனை மட்டும் ஏன் பிடிக்கக் கூடாது?

ஒரு கணக்குப் பார்ப்போம்.

மத்தி மீன் ஒரு வருடத்திலேயே முட்டையிடத் தயாராகிவிடும். ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஓரளவு பிடித்தாலும் கடல் அதை ஈடுகட்டிவிடும்.

திமிங்கிலச் சுறா அப்படி இல்லை. குட்டி போடும் பருவத்தை அடையவே ஏறக்குறைய 25 வருடம் ஆகும். நம் வீட்டில் ஒரு பெண் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகித் தாயாகும் காலம். ஒன்றை இன்று பிடித்துவிட்டால் அந்த இடம் நிரம்ப அவ்வளவு காலம் வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1995ஆம் ஆண்டு தைவானில் ஒரு பெண் திமிங்கிலச் சுறாவைப் பிடித்தார்கள். வயிற்றை அறுத்தபோது உள்ளே ஏறக்குறைய 300 குட்டிகள் இருந்தன. இந்த மீன் முட்டையை வெளியே இடுவதில்லை என்பது அப்போதுதான் உறுதியானது. முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, குட்டியாக வெளியே வருகிறது. ஒரு தாயைக் கொன்றால் எத்தனை உயிர் போகும் என்பது இதிலிருந்து விளங்கும்.

வட்டியை எடுத்துச் செலவு செய்யலாம். முதலையே எடுத்துச் செலவு செய்தால்? கொஞ்ச நாளில் இரண்டும் இருக்காது. திமிங்கிலச் சுறா விஷயத்தில் மனிதர்கள் செய்தது அதைத்தான். 75 வருடங்களில் உலகத்தில் இருந்த திமிங்கிலச் சுறாக்களில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. 2016இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழியும் ஆபத்தில் உள்ள உயிர் என்று அறிவித்தது.

ஒரு படம் செய்த வேலை

2000ஆம் ஆண்டு ஒரு செய்திப்படம் வெளிவந்தது. எடுத்தவர் மைக் பாண்டே. காட்டு உயிர்கள் பற்றிப் படம் எடுப்பவர். குஜராத் கரையில் நடந்த வேட்டையை அவர் அப்படியே படம் பிடித்தார். கொக்கி பாய்வதும், கரையில் அறுப்பதும், தண்ணீர் சிவப்பாவதும் படத்தில் இருந்தன.

நம் நாட்டுக் கடலில் இப்படி நடக்கிறது என்று அதுவரை பலருக்குத் தெரியாது. படத்தைப் பார்த்தவர்கள் அதிர்ந்து போனார்கள். அந்தப் படத்துக்கு உலக அளவில் பரிசும் கிடைத்தது.

அரசாங்கம் அசைந்தது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு முதல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதில் முதல் அட்டவணை என்று ஒன்று உண்டு. புலி, சிங்கம், யானை எல்லாம் அதில் இருக்கின்றன. மிக உயர்ந்த பாதுகாப்பு அந்த அட்டவணையில் உள்ளவற்றுக்குத்தான். 2001 மே மாதம் திமிங்கிலச் சுறாவும் அதில் சேர்ந்தது. இந்தச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற முதல் மீன் இதுதான்.

இதைக் கொன்றால் குறைந்தது 3 வருடம் சிறை. 7 வருடம் வரை போகலாம். அபராதமும் உண்டு. இறைச்சியை விற்பதும் குற்றம்.

2002இல் இந்தியாவும் பிலிப்பைன்ஸும் சேர்ந்து உலக நாடுகளின் கூட்டத்தில் பேசின. இந்த மீனின் வெளிநாட்டு வியாபாரத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. இறைச்சியை அதிகம் வாங்கிய தைவானும் பின்னாளில் இதைப் பிடிக்கத் தடை போட்டது.

சட்டம் வந்தது, சேதி வரவில்லை

சட்டம் போட்டாகிவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா?

தீரவில்லை. சட்டம் டெல்லியில் வந்தது. மீன் வேராவலில் இருந்தது. இடையில் சேதியைக் கொண்டு சேர்க்க ஆள் இல்லை. கரையோர ஊர்களில் விசாரித்தபோது பலருக்குச் சட்டத்தைப் பற்றியே தெரியவில்லை. தாங்கள் 'பேரல்' என்று சொல்லும் மீனும் சட்டத்தில் உள்ள திமிங்கிலச் சுறாவும் ஒன்றுதான் என்பதும் பலருக்குத் தெரியவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கொக்கி போட்டு வேட்டையாடுவதைச் சட்டத்தால் தடுக்கலாம். தானாக வந்து வலையில் மாட்டிக்கொள்ளும் மீனை என்ன செய்வது?

மீனவர் வேறு மீனுக்காகத்தான் வலை விரிக்கிறார். திமிங்கிலச் சுறா இரையைத் தேடி வந்து அதில் மோதுகிறது. சுறாவால் பின்னோக்கி நீந்த முடியாது. முன்னே முட்டும். புரளும். வலை உடம்பு முழுக்கச் சுற்றிக்கொள்ளும். அதை விடுவிக்க ஒரே வழி வலையை அறுப்பதுதான்.

வலையின் விலை என்ன? பல ஆயிரம் ரூபாய். பெரிய வலையானால் லட்சத்தைத் தாண்டும். பலர் கடன் வாங்கித்தான் வலை வாங்குகிறார்கள். வலையை அறுத்தால் அன்றைய மீனும் போச்சு. புது வலை வாங்கும் வரை தொழிலும் போச்சு. கடன்காரன் காத்திருப்பானா?

போலீஸுக்கும் சிறைக்கும் பயந்து ஒருவர் வேட்டையை விட்டுவிடலாம். நடுக்கடலில், யாரும் பார்க்காத இடத்தில், தன் வலையைத் தானே அறுக்க வேண்டுமானால்? அதற்குப் பயம் போதாது. மீன் மேல் பாசம் வேண்டும். நஷ்டத்தில் பங்கு கொள்ளவும் ஆள் வேண்டும்.

செல்ல மகள்

2004ஆம் ஆண்டு ஒரு பிரசாரம் தொடங்கியது. குஜராத் வனத்துறை, இந்திய வன உயிர் அறக்கட்டளை, டாடா கெமிக்கல்ஸ் கம்பெனி, கடலோரக் காவல் படை எல்லாம் ஒன்று சேர்ந்தன.

மீனவர்களிடம் யார் பேசினால் எடுபடும் என்று யோசித்தார்கள். மொராரி பாபுவை அணுகினார்கள். இவர் ராமாயணக் கதை சொல்பவர். குஜராத்காரர். இவர் கதை சொன்னால் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். மீனவர் குடும்பங்களிலும் இவருக்கு மரியாதை அதிகம்.

மொராரி பாபு சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. குடும்பத்தைப் பற்றிப் பேசினார். பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு மகள் வருவது நம் வழக்கம். வரும் மகளை நாம் எப்படித் தாங்குகிறோம்? இந்த மீனும் அந்த மகளைப் போன்றதுதான். வெகு தூரம் கடல் கடந்து நம் கரைக்கு வருகிறது. வீடு தேடி வந்த மகளைத் தகப்பனே கொல்லலாமா? இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

மீனுக்கு ஒரு புதுப் பெயரும் வைத்தார்கள். வஹாலி. குஜராத்தி மொழியில் 'செல்லமானவள்' என்று பொருள். 'பேரல்' போய் 'வஹாலி' வந்தது.

40 அடி நீளத்தில் காற்று அடைத்த ரப்பர் மீன் ஒன்றைச் செய்தார்கள். ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். குழந்தைகள் அதைச் சுற்றி ஓடினார்கள். தெருநாடகம் போட்டார்கள். பள்ளிகளில் படம் வரையச் சொன்னார்கள். கடலுக்கே போகாத பெண்களும் கிழவிகளும் வஹாலியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். போர்பந்தர், துவாரகை முதலிய நகரங்கள் வஹாலியைத் தங்கள் ஊரின் சின்னமாக ஏற்றுக்கொண்டன. கார்த்திகை அமாவாசை குஜராத்தில் வஹாலியின் நாளாகியது.

பெயர் மாறினால் மனம் மாறுமா என்று சிலர் கேட்கலாம். பீப்பாய் என்று சொல்லும்போது அது ஒரு சரக்கு. மகள் என்று சொன்ன பிறகு கொக்கி எடுக்கக் கை வராது.

வலைக்கு ஈடு

பாசம் மட்டும் இருந்தால் போதுமா? கிழிந்த வலைக்கு யார் பொறுப்பு?

குஜராத் வனத்துறை இதற்கு ஒரு வழி செய்தது. திமிங்கிலச் சுறாவை விடுவிக்க வலையை அறுத்தால் நிவாரணப் பணம் உண்டு என்று அறிவித்தது. தொடக்கத்தில் 25,000 ரூபாய் வரை கொடுத்தார்கள். முழு நஷ்டமும் ஈடாகாது. இருந்தாலும், நஷ்டத்தில் அரசாங்கமும் பங்கு கொள்கிறது என்ற நம்பிக்கை மீனவர்களுக்கு வந்தது.

முதலில் ஒரு குறை இருந்தது. பணம் கொடுக்க வேண்டுமானால் மீன் மாட்டியதற்குச் சாட்சி வேண்டும். மீன் மாட்டியதும் மீனவர் சேதி சொல்வார். வனத்துறை ஆட்கள் படகில் கிளம்பி அந்த இடத்துக்கு வருவார்கள். பார்த்த பிறகுதான் வலையை அறுப்பார்கள். அதுவரை பல மணி நேரம் மீன் வலைக்குள் தவிக்கும். சில மீன்கள் அதற்குள் செத்தும் போகலாம். மீனவருக்கும் அன்றைய பொழுது வீண்.

2012இல் இதற்கும் வழி கண்டார்கள். தண்ணீர் பட்டாலும் கெடாத கேமராக்களை மீனவர்களிடமே கொடுத்தார்கள். மீன் மாட்டினால் அதிகாரிக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே வலையை அறுக்கலாம். அறுப்பதைப் படம் எடுத்து வந்து காட்டினால் போதும். நிவாரணம் கிடைக்கும். மணிக்கணக்கில் ஆன வேலை சில நிமிடங்களில் முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மீனவரின் சொல்லை அரசாங்கம் நம்பியது. பாதுகாக்கும் பொறுப்பை அவர் கையிலேயே கொடுத்தது. நேற்று வேட்டைக்காரர் என்று பேர் வாங்கியவர் இன்று காவல்காரர் ஆனார்.

இதுவரை குஜராத் மீனவர்கள் 900க்கும் மேற்பட்ட திமிங்கிலச் சுறாக்களை விடுவித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வலை அறுந்திருக்கிறது.

இந்த வழியை மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். மராட்டிய மாநில அரசு 2018இல் இதே போன்ற நிவாரணத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கே திமிங்கிலச் சுறாவுக்கு மட்டும் இல்லை. கடல் ஆமை, ஓங்கில் முதலியவற்றை விடுவித்தாலும் பணம் உண்டு.

இன்னும் இருக்கும் ஆபத்து

வஹாலி எங்கே போகிறது? எவ்வளவு தூரம் போகிறது? இதை அறிய 2011இல் சூத்ராபாடா கடலில் ஒரு மீனின் உடம்பில் சிறு கருவியைப் பொருத்தினார்கள். நம் நாட்டில் அதுவே முதல் முறை. கருவி செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்பும். மீன் போகும் வழி தெரியும். பிறகும் பல மீன்களுக்குக் கருவி பொருத்தினார்கள். இவை அரபிக்கடலில் வெகு தூரம் போய் வருவது தெரிந்தது.

அப்படிப் போகும் வழியில்தான் அடுத்த ஆபத்து காத்திருக்கிறது. கப்பல்.

குஜராத் கரையில் காண்ட்லா, முந்த்ரா போன்ற பெரிய துறைமுகங்கள் இருக்கின்றன. எண்ணெய்க் கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் ஓயாமல் வந்து போகின்றன. திமிங்கிலச் சுறா மேல்மட்டத்தில் மெல்ல நீந்தும். கப்பல் வேகமாக வரும். மோதினால் கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரியக்கூட தெரியாது. மீன் செத்து ஆழத்துக்குள் போய்விடும்.

2022இல் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி பொருத்திய ஏறக்குறைய 350 திமிங்கிலச் சுறாக்களின் வழியையும் கப்பல்களின் வழியையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருந்தன. கப்பல் நடமாட்டம் அதிகமான இடங்களில் பல கருவிகளின் சேதி திடீரென்று நின்றுபோனது. சில கருவிகள் மீன் மெல்ல மெல்லக் கடலின் அடிக்கு இறங்கியதைக் காட்டின. உயிரோடு உள்ள மீன் அப்படி இறங்காது.

திமிங்கிலங்களுக்கும் இதே கதிதான். இலங்கையின் தென்பக்கக் கடலில் நீலத் திமிங்கிலங்கள் வாழ்கின்றன. அதே இடத்தில் உலகத்தின் பெரிய கப்பல் பாதை ஒன்று போகிறது. மோதிச் செத்த திமிங்கிலங்கள் கரை ஒதுங்கியிருக்கின்றன. 2022இல் ஒரு பெரிய கப்பல் கம்பெனி தன் கப்பல்களைக் கொஞ்சம் தள்ளித் தெற்கே போகும்படி மாற்றியது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஓர் அரிய திமிங்கில இனம் இருக்கிறது. அவை நடமாடும் இடங்களில், குறிப்பிட்ட மாதங்களில், பெரிய கப்பல்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும். 2008 முதல் அங்கே இது சட்டம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் லாரி மெதுவாகப் போவதில்லையா? அது போலத்தான்.

இன்னொரு ஆபத்து நாம் போடும் குப்பை. பிளாஸ்டிக் பை ஆற்றில் விழுகிறது. ஆறு அதைக் கடலில் சேர்க்கிறது. வாயைத் திறந்தபடி நீந்தும் மீனுக்கு இரை எது, பிளாஸ்டிக் எது என்று எப்படித் தெரியும்? கிழிந்த வலையைக் கடலில் வீசுவதும் கெடுதல். நைலான் வலை மக்காது. விரித்தவர் இல்லாமலே அது பல வருடம் மீன் பிடித்துக்கொண்டிருக்கும். சுறா, ஆமை, ஓங்கில், திமிங்கிலம் எல்லாம் அதில் மாட்டிச் சாகின்றன.

நம் கையில் உள்ளது

திமிங்கிலச் சுறா தமிழ்நாட்டுக் கடலிலும் உண்டு. மன்னார் வளைகுடாவில் சில சமயம் வலையில் மாட்டும். கேரளத்திலும் லட்சத்தீவிலும் பார்க்கிறார்கள். எங்கே மாட்டினாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

உயிரோடு இருந்தால் உடனே வலையை அறுத்து விட வேண்டும். வாலில் கயிறு கட்டிக் கரைக்கு இழுக்கக் கூடாது. துடுப்பைப் பிடித்து இழுப்பதோ, முதுகில் ஏறுவதோ கூடாது. முடிந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கரைக்கு வந்ததும் வனத்துறைக்கோ மீன்வளத்துறைக்கோ சொல்ல வேண்டும். செத்து ஒதுங்கினாலும் அறுத்து விற்கக் கூடாது. வனத்துறைக்குச் சேதி சொல்ல வேண்டும். திமிங்கிலங்களும் இதே சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றுக்கும் இது பொருந்தும்.

கிழிந்த வலையைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் ஒரு பாதுகாப்புதான். கடலே பார்க்காத ஊரில் இருப்பவர்கள் வாய்க்காலில் பிளாஸ்டிக் போடாமல் இருக்கலாம். வாய்க்கால் தண்ணீரும் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் உண்டு. வலையை அறுத்தவருக்கு நிவாரணம் எல்லாக் கடலோர மாநிலங்களிலும் கிடைக்க வேண்டும். சீக்கிரம் கிடைக்க வேண்டும். வலை விலை ஏறும்போது நிவாரணமும் ஏற வேண்டும். ஒரு மீனைக் காப்பாற்றுவது நாட்டுக்கே நல்லது என்றால் அதன் செலவை ஓர் ஏழை மீனவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமா?

குஜராத் கரையில் இன்றும் படகுகள் கடலுக்குப் போகின்றன. வலை விரிகிறது. வஹாலி வந்து மாட்டுகிறது. மீனவர் கத்தியை எடுத்து வலையை அறுக்கிறார். புள்ளி போட்ட அந்தப் பெரிய உடம்பு ஒரு முறை புரண்டு, வாலை அசைத்து, ஆழத்துக்குள் போகிறது. கிழிந்த வலையைச் சுருட்டி வைத்துவிட்டு அவர் படகைத் திருப்புகிறார்.

பேசிப் பாருங்கள்

1. திமிங்கிலத்துக்கும் திமிங்கிலச் சுறாவுக்கும் என்ன வேறுபாடு?

2. மத்தி மீனைப் பிடிப்பதற்கும் திமிங்கிலச் சுறாவைப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

3. 2001இல் சட்டம் வந்தும் பிரச்சினை தீரவில்லை. ஏன்?

4. உங்கள் ஊரில் மக்களுக்குத் தெரியாமலே இருக்கும் சட்டம் ஏதாவது உண்டா? அதை எப்படித் தெரியப்படுத்தலாம்?

5. உங்கள் ஊரில் முன்பு இருந்து இப்போது காணாமல் போன பறவை, மீன், மரம் எவை? பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.